கறுப்புக் காய்களின் கொழுப்பு

செஸ்ஸில் முதல் மூவ் வெள்ளைக்கு. இதில் நியாயம் கேட்டுப் பயனில்லை, விதி அப்படி. அந்த ஒரு மூவுக்கு என்ன மதிப்பு என்று பார்த்தால், தேர்ந்த ஆட்டக்காரர்கள் மோதும்போது நூறு புள்ளியில் 54, 55 வெள்ளைப் பக்கம் போய்விடுகிறது. அதனால் கறுப்புக் காய் வாய்த்தவனுக்குக் குருமார்கள் காலங்காலமாக ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். அடக்கி வாசி. ராஜாவைப் பத்திரப்படுத்து. சமநிலைக்கு வந்து சேர். மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேம்பிட் என்பது ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, எதிராளி அதை விழுங்கி முடிப்பதற்குள் அவன் ராஜாவின் கழுத்தைப் பிடிக்கப் பார்ப்பது. இது வெள்ளைக்காரர்களின் ஆடம்பரம். (காயைச் சொல்கிறேன்.) கறுப்பு இதைச் செய்தால், கடைசிப் பந்தியில் இடம் கிடைத்தவன் தன் இலையில் விழுந்த ஒரே வடையையும் எடுத்து, முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும் எதிர் இலைக்காரருக்கு வைத்த கதைதான்.

அப்படி வைத்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கிறுக்கு உச்சத்துக்குப் போனது 1918-ல். ஐரோப்பா முழுக்க வெட்டிக்கொண்டு களைத்துப்போயிருந்த அந்த வருடத்தில், ஏப்ரலில் பெர்லினில் ஒருவர் கறுப்புக் காய்களோடு சிப்பாய் தானம் செய்தார். அக்டோபரில் நியூயார்க்கில் இன்னொருவர். முதலாமவர் ஜெயித்தார், அவரை யாருக்கும் ஞாபகமில்லை. இரண்டாமவர் தோற்றார், ஒரு நூற்றாண்டாகப் புகழோடு இருக்கிறார். சரித்திரத்துக்குப் புள்ளிப்பட்டியல் படிக்கத் தெரியாது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

முதலில் பெர்லின். நாலே பேர் ஆடிய போட்டி. ரூபின்ஸ்டைன், ஷ்லெக்டர், மீசஸ், விட்மர். ஊரில் சோற்றுக்கே திண்டாட்டம், ஆனால் செஸ் நடந்தது. ரூபின்ஸ்டைன் சாதாரண ஆளில்லை. 1912-ல் ஒரே வருடத்தில் ஐந்து போட்டிகளில் முதலிடம் வாங்கியவர். உலக சாம்பியன் லாஸ்கரோடு மோத நாள் குறிக்க வேண்டிய நேரத்தில் யுத்தம் வந்து கெடுத்தது. ராணிக்கு முன்னாலிருக்கும் சிப்பாயை அவர் இரண்டு கட்டம் தள்ளினால் எதிராளிக்கு வயிற்றைக் கலக்கும்.

விட்மருக்கும் கலக்கியது. அவர் தொழிலால் மின்சாரப் பொறியாளர், டிரான்ஸ்ஃபார்மர்களில் பெரிய நிபுணர். லூப்லியானாக்காரர். செஸ் அவருக்கு வேலை போக மிச்ச நேரத்தில். போட்டிக்குக் கிளம்பும் முன்னால் ஹங்கேரிக்காரரான அபோன்யியிடம் போய், ராணிச் சிப்பாய்க்கு எதிராக என்ன ஆடுவது என்று யோசனை கேட்டார். இதுவரை நடந்தது. இனி வரும் உரையாடல் நான் கட்டியது.

“ரூபின்ஸ்டைன் டி4 ஆடினா நான் என்ன பண்றது ஓய்?”

“ரெண்டாவது மூவ்லயே ஒரு சிப்பாயைக் குடுத்துடும்.”

“யாருக்கு? ரூபின்ஸ்டைனுக்கா?”

“அவர் வாங்கிப்பார். வாங்கினதைக் காப்பாத்தறதுலயே அவருக்குப் பொழுது போயிடும். நீர் அதுக்குள்ள மத்த வேலையைப் பாரும்.”

அபோன்யி, பிரேயர், பராஸ் ஆகிய மூன்று ஹங்கேரிக்காரர்கள் அந்த நாளில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்த சரக்கு இது. புடாபெஸ்ட் கேம்பிட் என்று பெயர். வெள்ளை இரண்டு சிப்பாய்களை நகர்த்தி மரியாதையாக உட்கார்ந்திருக்கும்போது, கறுப்பு தன் ராஜாவுக்கு முன்னாலிருக்கும் சிப்பாயை நேராக வெள்ளையின் வாயில் திணிக்கிறது. வெள்ளை அதைத் தின்றதும் கறுப்புக் குதிரை பாய்ந்து அந்தச் சிப்பாயைத் துரத்துகிறது. பெரும்பாலும் சிப்பாய் திரும்பக் கிடைத்துவிடும், ஆகவே இது தானமா கைமாற்றா என்று சந்தேகம் உண்டு. ஆனால் ரூபின்ஸ்டைன் வாங்கியதைத் திருப்பித் தர மனமில்லாமல் ராணியையே வெளியே கொண்டுவந்து காவலுக்கு நிறுத்தினார். விட்மர் “வைத்துக்கொள்ளும்” என்று சிப்பாயை நிஜமாகவே விட்டுக்கொடுத்துவிட்டு, ராணியை வெள்ளையின் பின்பக்கமாக அனுப்பிச் சூறையாடத் தொடங்கினார். 24-வது மூவோடு ரூபின்ஸ்டைன் கதை முடிந்தது. போட்டியில் முதல் பரிசும் பொறியாளருக்கே.

இந்த கேம்பிட்டில் ஒரு பொறி இருக்கிறது, சொல்லாமல் போக மனமில்லை. வெள்ளையின் ஓரச் சிப்பாய்க்கு முன்னால் கறுப்பு ஒரு பிஷப்பை அநாதையாக விட்டு வைக்கும். வெள்ளை ஆசைப்பட்டு அதை வெட்டினால், கறுப்புக் குதிரை டி3 கட்டத்துக்கு ஒரு தாவு. எட்டாவது மூவில் செக்மேட். ராஜாவைச் சுற்றி அவர் படை மொத்தமும் அணிவகுத்து நிற்கும், ஒருத்தராலும் ஒன்றும் செய்ய முடியாது. 1925-ல் வியன்னாவில் கீனிங்கர் என்பவர் இதை நிஜமாகவே ஒருவர் மேல் ஆடிக் காட்டினார். இன்றைக்கும் இதில் விழுகிறவர்கள் தினசரி விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் பிஷப்பை வேண்டாம் என்று சொல்லும் பக்குவம் மனித குலத்துக்கு இன்னும் வரவில்லை.

பெர்லினில் ஆடிய நால்வரில் ஷ்லெக்டர் அந்த வருட டிசம்பரிலேயே புடாபெஸ்டில் இறந்துபோனார். நிமோனியா, அதற்குப் பின்னால் பட்டினி. 1910-ல் லாஸ்கருக்கு எதிரான உலக சாம்பியன் மேட்சைச் சமன் செய்த மனிதர். இந்தக் கட்டுரையில் சிரிக்க முடியாத இடம் இது ஒன்று.

சரி, நியூயார்க்குக்குப் போவோம்.

ஃபிராங்க் மார்ஷலை அறிமுகம் செய்ய அவர் எழுதிய ஒரு புத்தகத்தின் பெயரே போதும். 1914-ல் வெளியிட்ட அந்தப் புத்தகத்துக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘மார்ஷலின் செஸ் மோசடிகள்’. தோற்க வேண்டிய ஆட்டங்களை எப்படியெல்லாம் எதிராளியை ஏமாற்றி ஜெயித்தேன் என்று ஒரு மனிதர் தன் பெயரையும் போட்டு அச்சடித்து விற்றிருக்கிறார். வாங்கவும் ஆளிருந்தது. பழைய காலத்து நாடக நடிகர் மாதிரி கழுத்தில் பெரிய டை, வாயில் சுருட்டு, பலகையில் சதா தாக்குதல். 1909-லிருந்து 1936 வரை அமெரிக்க சாம்பியன், அதுவும் கடைசியில் யாரும் பிடுங்காமல் அவராக விட்டுக்கொடுத்தது. 1912-ல் பிரெஸ்லாவில் லெவிட்ஸ்கி என்பவருக்கு எதிராக அவர் தன் ராணியை மூன்று விதமாக வெட்டக்கூடிய கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். எந்த விதமாக வெட்டினாலும் வெள்ளை காலி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலகை மேல் தங்கக் காசுகளை எறிந்தார்கள் என்று மார்ஷலே சொல்லியிருக்கிறார். மோசடிப் புத்தகம் எழுதியவரின் சாட்சி என்பதால் காசை எண்ணிப் பார்க்காமல் நம்புவது நல்லதில்லை. அந்த ஆட்டத்திலும் அவர் கறுப்புத்தான்.

இவ்வளவு பந்தாவுக்கும் ஒரு கரும்புள்ளி. 1909-ல் கியூபாவிலிருந்து வந்த இருபது வயசுப் பையன் ஒருவனோடு மார்ஷல் ஒரு மேட்ச் ஆட ஒப்புக்கொண்டார். பையன் பெயர் ஹொசே ரவூல் கபபிளாங்கா. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போய், படிப்பைவிட செஸ் கிளப்பிலேயே அதிகம் தென்பட்ட ஜாதி. மார்ஷலுக்கு இது வழியில் கிடைத்த ஊக்கத்தொகை மாதிரி தோன்றியிருக்க வேண்டும். முடிவில் பையன் எட்டு ஆட்டம் ஜெயித்தான், மார்ஷல் ஒன்று, டிரா பதினாலு.

வேறு ஒருவராக இருந்தால் அந்தப் பையனை ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டார். மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? 1911-ல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில் பெரும்புள்ளிகள் மட்டும் ஆடும் போட்டி வந்தது. கபபிளாங்காவுக்குத் தகுதி இல்லை என்று பெர்ன்ஸ்டைனும் நிம்சோவிச்சும் முணுமுணுத்தார்கள். சேர்க்க வேண்டும் என்று வாதாடியவர் மார்ஷல். கபபிளாங்கா உள்ளே வந்து, முதல் சுற்றிலேயே முணுமுணுத்த பெர்ன்ஸ்டைனைச் சாத்தி, கடைசியில் முதல் பரிசையும் எடுத்துக்கொண்டு போனார். தன்னை உதைத்தவனுக்கு ஊர் முழுக்க உதைக்க சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர் மார்ஷல்.

அந்த இருவரும் 1918 அக்டோபர் 23-ம் தேதி நியூயார்க்கில், மன்ஹாட்டன் செஸ் கிளப் நடத்திய போட்டியின் முதல் சுற்றில் உட்கார்ந்தார்கள். வெளியே நகரத்தில் ஸ்பானிஷ் காய்ச்சல் ஆட்களை அள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே கபபிளாங்கா ஆடத் தொடங்கியதும் ஸ்பானிஷ்தான், பாதிரியார் ரூய் லோபஸ் பெயரில் வழங்கும் தொடக்கம். கபபிளாங்கா 1916-க்குப் பிறகு ஓர் ஆட்டம்கூடத் தோற்றிருக்கவில்லை. அடுத்துத் தோற்கப்போவது 1924-ல். நடுவிலிருக்கும் அந்த எட்டு வருடத்துக்குள் மார்ஷல் வந்து முட்டுகிறார்.

ஏழு மூவ் வரை பஞ்சாங்கப்படி. எட்டாவது மூவில் மார்ஷல் தன் ராணிக்கு முன்னாலிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். வெட்டு, வெட்டு, வெட்டு என்று கணக்குத் தீர்த்துப் பார்த்தால், நடுவிலிருந்த கறுப்புச் சிப்பாய் ஒன்று காணோம். அதற்கு ஈடாக மார்ஷலுக்குக் கிடைத்தது என்ன? வெள்ளையின் ராணிப் பக்கத்து யானை, குதிரை, பிஷப் மூன்றும் பிறந்த வீட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்தன. கறுப்பின் இரண்டு பிஷப்புகளுக்கும் வெள்ளை ராஜாவின் வாசல் வரை பாதை திறந்திருந்தது.

கபபிளாங்கா இதைப் பற்றிப் பின்னால் எழுதினார். எதிராளி இந்த வழியையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து அலசிவிட்டு வந்திருக்கிறார், சிப்பாயை எடுத்தால் பயங்கரமான தாக்குதல் வரும் என்று தெரிந்தேதான் எடுத்தேன், சண்டை வெறி ஏறிவிட்டது என்கிற அர்த்தத்தில். அவரை எல்லோரும் இயந்திரம் என்பார்கள். வெறி ஏறும் இயந்திரம் என்று திருத்திக்கொள்ளலாம்.

அடுத்து நடந்தது கலவரம். மார்ஷல் ஒரு குதிரையை ஜி4-ல் சிப்பாய் வெட்டும் தூரத்தில் நிறுத்தினார். வெட்டினால் கறுப்பு ராணி உள்ளே வந்துவிடும். கபபிளாங்கா வெட்டாமல் ராணியைக் காவலுக்கு அழைத்தார். மார்ஷலின் ராணி எப்படியும் வந்தது. இப்போது யானையைக் கடைசி வரிசை வரைக்கும் அனுப்பி மிரட்டலாம் என்று வெள்ளைக்கு ஓர் அழகான ஆசை காட்டப்பட்டது. அதில் விழுந்திருந்தால் ஆட்டம் மார்ஷலுக்கு. கபபிளாங்கா அதையும் தொடாமல் நடுவில் ஒரு சிப்பாயைத் தள்ளி, தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பினார். குதிரை உள்ளே பாய்ந்து ஒரு சிப்பாயைத் தின்றது. அந்தக் குதிரையை ராணியால் வெட்டலாம், வெட்டினால் செத்தோம். கபபிளாங்கா வெட்டவில்லை. மார்ஷல் ஒரு பிஷப்பையும் கொடுத்தார். கைக்கு வந்ததையெல்லாம் கொடுத்தார்.

கபபிளாங்கா செய்ததோ ராஜாவை எழுப்பி நடக்கவிட்டதுதான். செக் என்றால் ஒரு கட்டம், மறுபடி செக் என்றால் இன்னொரு கட்டம் என்று, வீடு பற்றி எரியும்போது வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்த பெரிய மனிதரின் நிதானத்தோடு அவர் ராஜா நாலு கட்டம் கடந்து சி2-வில் போய் உட்கார்ந்தார். அங்கே காற்றுகூட இல்லை. திரும்பிப் பார்த்தால் மார்ஷலின் ராணி எதிரி ஊரின் மூலையில், ஜி1-ல், யாருமில்லாத வீட்டைக் கொள்ளையடிக்க வந்து மாட்டிக்கொண்டு நின்றது. அதன் பிறகு மறுகோடியில் கபபிளாங்காவின் சிப்பாய் ஒன்று ராணியாகும் ஆசையோடு நடக்கத் தொடங்கியது. 36-வது மூவில் மார்ஷலின் கதை முடிந்தது. போட்டியில் கபபிளாங்கா முதலிடம், கோஸ்டிச் இரண்டு, மார்ஷல் மூன்று.

இங்கேதான் கதாசிரியர்கள் உள்ளே வருகிறார்கள். 1909-ல் அடி வாங்கியதிலிருந்து மார்ஷல் இந்த அஸ்திரத்தைச் செய்து, ஒன்பது வருடம் பரணில் ஒளித்துவைத்து, கபபிளாங்கா மேல் மட்டும்தான் எய்வேன் என்று விரதம் இருந்து, கடைசியில் எய்தபோது அது ஒரே மாலையில் புஸ்ஸென்று போய்விட்டது என்பது கதை. செஸ் புத்தகம் எழுதும் எல்லோரும் இதைச் சொல்லிவிட்டார்கள். சொல்ல ருசியான கதை, பழிவாங்கல், பொறுமை, தோல்வி எல்லாம் இருக்கிறது, சினிமாவுக்கு வேண்டிய அளவு.

எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் காரணம், மார்ஷல் ரகசியம் காக்கும் ரகம் கிடையாது, மோசடிகளையே புத்தகமாகப் போட்டவர். இரண்டாவது, இடைப்பட்ட வருடங்களில் கறுப்புக் காய்களோடு அதே கபபிளாங்கா எதிரில் அவர் உட்கார்ந்த சந்தர்ப்பங்கள் இருந்தன. 1914-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உட்கார்ந்தபோது ஸ்பானிஷுக்கே இடம் கொடுக்காமல் பெட்ராஃப் தற்காப்பு ஆடித் தோற்றார். விரதம் இருப்பவன் பிரசாதம் கொடுக்கும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வானா? மூன்றாவது காரணம்தான் அருமை. அந்த எட்டாவது மூவ் சிப்பாய் தானம் மார்ஷலுக்கு ரொம்ப முன்னாலேயே ஆடப்பட்டிருக்கிறது, 1893-ல், ஜெர்மன் மாஸ்டர் வால்ப்ரோட் கலந்துகொண்ட ஓர் ஆட்டத்தில். எந்த ஊரில் என்று கேளுங்கள். ஹவானா! கபபிளாங்காவின் சொந்த ஊர். அப்போது அவருக்கு நாலு வயசு. அப்பா ஆடுவதைப் பார்த்தே செஸ் கற்றுக்கொண்டாராம், அதே நாலு வயசில்.

ஆக ‘பரம ரகசியம்’ எதிராளியின் ஊர்த் தெருவிலேயே கால் நூற்றாண்டாகக் கிடந்திருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் கதாசிரியர்கள் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள். தோற்ற பிறகு மார்ஷல் அந்த அஸ்திரத்தைக் குப்பையில் போடவில்லை. ஓட்டை எங்கே என்று தேடி அவரே அடைத்தார். 11-வது மூவில் குதிரையைப் பின்வாங்கியதுதான் வினை. அதை அங்கேயே விட்டு, ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி முட்டுக் கொடுத்தால் போதும். அவ்வளவுதான். பலகையில் அத்தனை ரகளை செய்தவருக்கு வேண்டியிருந்தது ஓர் அடக்கமான சிப்பாய் மூவ். இன்றைக்கு உலகம் ஆடும் மார்ஷல் தாக்குதல் இந்தத் திருத்திய பதிப்புத்தான்.

திருத்திய பதிப்புக்கு வந்த கதியைப் பார்த்தால் மார்ஷல் சுருட்டைக் கீழே போட்டிருப்பார். அது பத்திரமான ஆட்டமாகிவிட்டது! 1965-ல் திபிலிசியில் உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் மேட்ச். எதிரில் உட்கார்ந்திருப்பவர் தாக்குதலுக்கே பிறந்த மிகயீல் டால். அவரிடமிருந்து தப்பிக்க போரிஸ் ஸ்பாஸ்கி கையில் எடுத்த கவசம் மார்ஷல் தாக்குதல். ஒரு சிப்பாய் குறைவாக இருந்துகொண்டே டிரா, கை குலுக்கல், வீடு. மேட்சும் ஸ்பாஸ்கிக்கே. அதிலிருந்து பெரிய போட்டிகளில் கறுப்புக் காய்களுக்கு அரை புள்ளி உறுதியாக வேண்டுமென்றால் இதை எடுக்கிறார்கள். தாக்குதல் என்று பெயர் வைத்துக்கொண்டு இருபதாவது மூவுக்கு மேல் மனப்பாடமாக ஆடி, கொடுத்த சிப்பாய்க்கு இரண்டு பிஷப்புகளை வைத்து வட்டி வசூலித்து, நாற்பதாவது மூவில் சமாதானம். கேம்பிட்டுக்கு ஓய்வூதியம் வாங்கித் தந்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரர்களின் நிலைமை இன்னும் வேடிக்கை. இலவசச் சிப்பாயை எடுத்தாலும் பலனில்லை என்று தெரிந்ததும், அந்தத் தெருவுக்கே போகாமலிருக்க எட்டாவது மூவில் வேறு வேறு சந்துகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றுக்கு ‘ஆன்டி-மார்ஷல்’ என்று பொதுப்பெயர். 1993-ல் லண்டனில் உலகப் பட்டத்துக்காக நைஜல் ஷார்ட்டோடு ஆடிய காஸ்பரோவ், யாருக்கும் எதற்கும் பயப்படாதவர், தன் ஓரச் சிப்பாயை முன்னால் தள்ளி மார்ஷலைத் தவிர்த்தார். 1944-ல் செத்துப்போனவர், ஒரே மாலையில் தோற்கடிக்கப்பட்டதாகப் புத்தகங்கள் சிரித்தவர், ஐம்பது வருடம் கழித்துக் காஸ்பரோவை வேறு தெரு வழியாக நடக்க வைத்திருக்கிறார்.

தவிர்க்காமல் உள்ளே போனவர் விளாதிமிர் கிராம்னிக். 2004, சுவிட்சர்லாந்தில் பிரிசாகோ. உலகப் பட்டத்துக்கான மேட்சின் எட்டாவது ஆட்டம். கறுப்புக் காய்களோடு ஹங்கேரியின் பீட்டர் லேக்கோ. சிப்பாய் தானம் நடந்தது, கிராம்னிக் வாங்கிக்கொண்டார். ஏனென்றால் இந்த முறை வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்தவர் வெள்ளைதான். அவருடைய குழு கணினியை வைத்து ஒரு நீளமான வழியைத் தயாரித்திருந்தது, முடிவில் வெள்ளைக்கு வெற்றி என்று கணினி சொல்லியிருந்தது. கிராம்னிக் அதை நம்பி விறுவிறுவென்று ஆடினார். லேக்கோ பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அவர் வீட்டில் இந்த நிலைமையைப் பார்த்ததே இல்லை. உட்கார்ந்து யோசித்து, 25-வது மூவில் ராணியை டி3-ல் கொண்டுபோய் வைத்தார். கணினியின் பாடத்தில் அந்த மூவ் சரியாகப் பார்க்கப்பட்டிருக்கவில்லை. அதை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டிருந்தால் அதுவே தன் வாக்கை மாற்றிச் சொல்லியிருக்கும். அதற்குள் அணைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. 32-வது மூவில் கிராம்னிக் தோற்றார்.

1918-ல் கறுப்பு வீட்டில் தயாரித்து வந்ததை வெள்ளை பலகையில் உடைத்தது. 86 வருடம் கழித்து, அதே கேம்பிட்டில், வெள்ளை தயாரித்து வந்ததைக் கறுப்பு பலகையில் உடைத்தது. மார்ஷலுக்காக யாரோ மேலே உட்கார்ந்து கணக்கைச் சரிசெய்திருக்கிறார்கள்.

லேக்கோ அந்த வெற்றியோடு மேட்சில் முன்னிலைக்கு வந்தார். கடைசி, பதினாலாவது ஆட்டம் வரை முன்னிலையிலேயே இருந்தார். அதில் கறுப்புக் காய்களோடு ஒரு டிரா எடுத்தால் உலக சாம்பியன். கிராம்னிக் ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார், மார்ஷல் பாதைக்கு வாசல் அதுதான். லேக்கோ சிப்பாய் தானமெல்லாம் வேண்டாம் என்று, குருமார்கள் சொல்லும் பத்திரமான காரோ-கான் தற்காப்பை ஆடினார். சிப்பாய் ஒன்றையும் தானம் கொடுக்கவில்லை, அடக்கி வாசித்தார். 41-வது மூவில் தோற்றார், மேட்ச் 7-7, பட்டம் கிராம்னிக்கிடமே தங்கியது.